கடைக்கு வந்தவர்கள் ஏன் வாங்காமல் போனார்கள்?

ஒரு கடையைக் கற்பனை செய்து பாருங்கள். நாள் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். எண்ணெய் டப்பாவை எடுத்துப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு யாராவது நிம்மதியாகத் தூங்க முடியுமா? ஒன்றரை வருஷம் நான் அப்படித்தான் தூங்காமல் கிடந்தேன். கடை என்றதும் கறம்பக்குடிக் கடைத்தெருவில் தேடிவிடாதீர்கள். அது இருந்தது இன்டர்நெட்டில்!

புதுக்கோட்டை மாவட்டத்தில், பட்டுக்கோட்டைப் பக்கமாக இருக்கிற ஊர் எங்களுடையது. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் வந்த கஜா புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே ராத்திரியில் எங்கள் தென்னந்தோப்பு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மறுபடி வைத்த கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே? கொல்லையில் கடலை விளைகிறது, செக்கு போடலாம் என்று யோசனை சொன்னது என் மாமியார்தான். என் வளையல் ஆறில் நாலு கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் மரச்செக்கு வந்தது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் ஆட்டினோம். ஊரில் வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். வெளியூருக்கும் அனுப்பலாமே என்று என் நாத்தனார் மகன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் ஆட்கள் வந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மாதத்துக்குச் சுமார் 1,200 பேர். வாங்கினவர்கள் ஆறு பேர்! நூற்றுக்கு அரை ஆள். விளம்பரக் காசைக் கழித்தால் ஒவ்வொரு டின்னுக்கும் நான்தான் கைக்காசு வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“பேசாம மூடிடலாமா?” என்றார் என்னவர் ஒருநாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

இந்தக் குறையைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ‘கன்வர்ஷன் ரேட் ஆப்டிமைசேஷன்’ என்று அந்த வேலைக்குப் பெயர். பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். பட்டுக்கோட்டையில் ஜவுளிக்கடைக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று கூப்பிடுகிற ஆள் ஒருவர். உள்ளே வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் கண் எந்தச் சேலையில் போய் நிற்கிறது என்று பார்த்து எடுத்துப் போடுகிற ஆள் இன்னொருவர். விளம்பரம் செய்கிறவர் வாசல் ஆள். நான் சொல்கிறவர் உள்ளே இருக்கிற ஆள். வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதுதான் கன்வர்ஷன் ரேட். அதைக் கூட்டிக் காட்டுவது அவருக்கு வேலை.

இது நடக்கிற காரியம்தானா என்று கேட்பீர்கள். நடக்கிறது. 2008 அமெரிக்கத் தேர்தலில் பராக் ஒபாமாவின் வெப்சைட்டில், வருகிறவர்களின் இமெயில் முகவரியை வாங்கும் பக்கத்தை டான் சிரோக்கர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 24 விதமாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பிரசார ஆட்களுக்கெல்லாம் வீடியோதான் பிடித்திருந்தது. ஜெயித்ததோ ஒபாமா மனைவி குழந்தைகளோடு இருக்கிற சாதாரணப் புகைப்படமும், ‘மேலும் அறிய’ என்ற பொத்தானும்! நூற்றுக்கு 8.26 பேர் பதிவு செய்துகொண்டிருந்தது 11.6 ஆயிற்று.

இதைப் படித்ததும் எனக்கு ஆசை பொங்கிவிட்டது. 2024 தொடக்கத்தில் ஒருவரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். “முப்பதே நாள்ல விற்பனை மூணு மடங்கு, கேரண்டி மேடம்” என்றார். நாற்பதாயிரம் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். என் செக்கைப் பற்றியோ, என்னிடம் வாங்குகிறவர்களைப் பற்றியோ அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேரண்டி என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்துகொண்டிருந்ததே, எங்கே உறைப்பது!

ஒரே வாரத்தில் என் வெப்சைட் தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மேலே சிவப்பில் ஒரு கடிகாரம், ‘சலுகை முடிய இன்னும் 14 நிமிடம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். கீழே ‘இரண்டு டின்தான் பாக்கி!’ என்று ஒரு வரி. கொல்லையில் நாற்பது டின் அடுக்கியிருக்கிறது, அது வேறு விஷயம். கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தான் மேடம் செய்றாங்க” என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தத் தப்பை அவர் தலையில் மட்டும் கட்டமாட்டேன்.

பத்தாம் நாள் திருச்சியிலிருந்து போன் வந்தது. எங்களிடம் முதன்முதலில் வாங்கிய பெரியம்மா அவர். “ஏம்மா, திங்கக்கிழமை பாத்தேன், ரெண்டு டின்தான் இருக்குன்னு போட்டிருந்துச்சு. இன்னிக்கும் அதே ரெண்டு. எண்ணெயிலயும் இப்படித்தான் கணக்கா?” என்றார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த மாமியாருக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. அவர் திட்டவில்லை. “இதுவரைக்கும் அளவுல பொய் சொன்னதில்லத்தா நாம” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

அன்று சாயங்காலமே கடிகாரத்தையும் அந்த வரியையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். முன்பணம் போனது போனதுதான். பிறகுதான் தெரிந்தது, இது சட்டப்படியும் தப்பு! இந்த மாதிரி ஏமாற்று வேலைகளை ‘டார்க் பேட்டர்ன்’ என்கிறார்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்று விதிகள் வெளியிட்டு, பதின்மூன்று வகையைத் தடுத்திருக்கிறது. பொய் அவசரம் காட்டுவது, நாம் கேட்காத சாமானைக் கூடையில் சொருகிவிடுவது, ‘வேண்டாம்’ என்று சொல்பவரைக் குத்திக்காட்டி வெட்கப்பட வைப்பது, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது எல்லாம் அதில் அடக்கம். விற்கிறவர்களையும் அது கட்டுப்படுத்தும். ‘அவர்தான் செய்தார், எனக்கொன்றும் தெரியாது’ என்று நாம் தப்பிக்க முடியாது. (வாங்குகிற பக்கம் இருக்கும்போது இப்படி ஏமாந்தால், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

சூடு கண்ட பூனையானேன். அடுத்த ஆளைத் தேடும்போது, ‘இந்த வேலைக்கு ஆள் தேவை’ என்று மொட்டையாகப் போடாமல் என் கணக்கை எழுதினேன்: மாதம் இத்தனை பேர் வருகிறார்கள், இத்தனை பேர் வாங்குகிறார்கள், என்னால் கொடுக்க முடிந்தது இவ்வளவு, நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? எட்டுப் பேர் பதில் போட்டார்கள். ஆறு பேர் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்புகிற கடிதத்தை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் ‘கூகுள் ஆப்டிமைஸில் சோதனை செய்து தருகிறேன்’ என்றார். அந்தச் சாதனத்தை கூகுள் 2023 செப்டம்பர் 30-லேயே மூடிவிட்டது!

மீதி இரண்டு பேரில் ஒருத்தி தஞ்சாவூர்ப் பெண். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். அவளிடமிருந்து வந்த பதிலில் பாதி கேள்விகள். என்ன மொழியில் பேசுகிறவர்கள் வாங்குகிறார்கள், போனிலா கம்ப்யூட்டரிலா, அனுப்பியது திரும்பி வருகிறதா, டின் ஒழுகியதுண்டா... கடைசியில் ஒரு வரி: ‘அக்கா, உங்களுக்கு இப்போது சோதனை எதுவும் தேவைப்படாது. அதற்குப் பணம் வாங்கினால் அது தப்பு.’

சோதனை செய்கிறவளே சோதனை வேண்டாம் என்கிறாளே என்று போன் போட்டேன். அவள் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. 1920-களில் இங்கிலாந்தில், ராதம்ஸ்டட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்று ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, டீயா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். கணித மேதை ரொனால்ட் ஃபிஷர் அதை விளையாட்டாக விடவில்லை. எட்டுக் கோப்பை, நாலு அப்படி, நாலு இப்படி, வரிசையைக் கலைத்து வைத்தால் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று கணக்குப் போட்டார். அந்த அம்மாள் எல்லாமே சரியாகச் சொன்னதாகச் சொல்வார்கள். 1935-ல் வந்த ஃபிஷரின் புத்தகத்தில் இந்த டீச் சோதனை இருக்கிறது. ஒரே ஒரு கோப்பையைக் கொடுத்து அவர் சரியாகச் சொல்லியிருந்தால் அதை நம்பியிருக்க முடியுமா? தற்செயலா, திறமையா என்று பிரித்துப் பார்க்க எண்ணிக்கை வேண்டும்.

“அதே கதைதான்க்கா” என்றாள் தஞ்சாவூர்க்காரி. “பழைய பக்கத்தைப் பாதிப் பேருக்கும் புதுப் பக்கத்தைப் பாதிப் பேருக்கும் காட்டி எது விக்குதுன்னு பாக்கறதுதான் ஏ-பி டெஸ்ட். உங்களுக்கு இப்ப நூத்துக்கு அரை. அது முக்கால் ஆச்சுன்னா நல்ல லாபம்தான். ஆனா அந்த வித்தியாசம் நெசமா தற்செயலான்னு தெரிய ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 13,000 பேர் வேணும். ரெண்டுக்கும் 26,000. மாசம் 1,200 பேர் வந்தா எத்தனை மாசம்?”

நான் விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொரு மாதத்துக்கு மேல்! என் பிள்ளை நடக்க ஆரம்பித்துப் பள்ளிக்கூடத்துக்கே போய்விடுவான்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. லட்சக்கணக்கில் ஆட்கள் வருவதால் அவர்கள் தாராளமாகச் சோதிக்கலாம். நம் சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனமே ‘பேஜ்சென்ஸ்’ என்று இதற்கு ஒரு சாதனம் வைத்திருக்கிறது. தில்லியில் பராஸ் சோப்ரா தொடங்கிய விங்கிஃபை உலகம் முழுக்க இதை விற்றது. நம்மைப் போன்றவர்களுக்கு வழி வேறு.

“அஞ்சே பேரை உக்கார வச்சு வாங்கச் சொல்லிப் பாருங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது” என்றாள். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-லேயே எழுதியது இது: ஒரு வெப்சைட்டின் பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும்.

அப்படியே செய்தோம். மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, கைக்குழந்தைக்காரியான என் சித்தி மகள், இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு போன். ‘அஞ்சு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குங்கள்’ என்று சொல்லிவிட்டு நான் மூலையில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! கல்யாண வீட்டில் பந்தி பரிமாறத் தெரியாதவனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா விலையைப் பார்த்தார், பரவாயில்லை என்றார். முகவரியெல்லாம் கட்டை விரலால் தட்டித் தட்டி அடித்து முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் கூரியர் கட்டணம் எட்டிப் பார்த்தது. “அட, இதை மொதல்லயே சொல்ல மாட்டியளா?” என்று போனைக் கவிழ்த்துவிட்டார். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னோடு சேர்த்து ஐந்து கிலோவை நெருங்கும். கூரியர்காரர் சும்மா கொண்டுபோவாரா? கட்டணம் நியாயம்தான். அதை ஒளித்து வைத்ததுதான் தப்பு. டென்மார்க்கில் பேமார்ட் என்ற ஆராய்ச்சி நிலையம் பல வருஷமாக இதை ஆராய்கிறது. உலகம் முழுவதும் கூடையில் போடுகிறவர்களில் சுமார் நூற்றுக்கு எழுபது பேர் வாங்காமலே போய்விடுகிறார்களாம். சும்மா பார்க்க வந்தவர்களைத் தள்ளிவிட்டால், முதல் காரணமாக நிற்பது கடைசியில் ஏறுகிற கூடுதல் செலவுதான்.

மாமியாரை மடக்கியது வேறு. ‘அக்கவுண்ட் உருவாக்கவும், பாஸ்வேர்டு கொடுக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். “எண்ணெய் வாங்க எதுக்குத்தா பூட்டு சாவி?” என்றார். சிரித்தேன், ஆனால் அவர் கேட்டது கோடி பெறும். அதுவும் சும்மா சொல்லவில்லை. ஜாரட் ஸ்பூல் என்பவர் 2009-ல் எழுதியிருக்கிறார்: ஒரு பெரிய அமெரிக்கக் கடையில் வாங்குவதற்கு முன் ‘பதிவு செய்’ என்றிருந்த பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று மாற்றினார்களாம். வாங்குகிறவர்கள் நூற்றுக்கு 45 கூடி, முதல் வருஷத்தில் 30 கோடி டாலர் கூடுதலாக வந்ததாம்.

என் சித்தி மகள் விஷயத்தைத் தாய்மார்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். மடியில் குழந்தை பால் குடிக்கிறது, இடது கையில் போன். பாதி முகவரி அடிக்கும்போது குழந்தை காலை உதைத்தது. பக்கம் பின்னால் போய்விட்டது. திரும்பி வந்தால் அடித்ததெல்லாம் காலி! அவள் மறுபடி அடிக்கவில்லை. எங்களிடம் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கின பிறகு வாங்குகிறவர்கள். பிள்ளையைத் தூக்காத கையால் வாங்க முடிகிறதா என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு என்னை வாடிக்கையாளர்களோடு பேச வைத்தாள். “எப்படி இருக்கு எண்ணெய்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. வாங்கறதுக்கு முன்னாடி எது உங்களைத் தயங்க வச்சுதுன்னு கேளுங்க.” பத்துப் பேரிடம் கேட்டேன். ஏழு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: அடியில் மண்டி நிற்கிறதே, கலப்படமோ என்ற பயம்! செக்கில் ஆட்டித் தெளியவைத்த எண்ணெயில் கொஞ்சம் கசடு அடியில் தங்கத்தான் செய்யும். எங்களுக்கு அது தினமும் பார்க்கிறது, அதனால் சொல்லத் தோன்றவில்லை. டவுனில் இருக்கிறவர்களுக்கு அது சந்தேகம்.

பக்கத்தை மாற்றினோம். விலைக்குப் பக்கத்திலேயே எந்த ஊருக்கு எவ்வளவு கூரியர் என்று போட்டோம். பாஸ்வேர்டை எடுத்தோம், பெயர், போன் எண், முகவரி போதும், அதுவும் அடித்தது அழியாமல் நிற்கும். பளபளவென்ற பாட்டில் படத்தை எடுத்துவிட்டு எங்கள் செக்கு, டின் கட்டுகிற விதம், அடியில் நிற்கிற மண்டி மூன்றையும் படம் பிடித்துத் தமிழில் விளக்கம் எழுதினோம். உணவுப் பொருள் விற்கிறவர்கள் காட்ட வேண்டிய பதினாலு இலக்க லைசென்ஸ் எண் எங்கோ அடியில் கிடந்தது, மேலே வந்தது. போன் எண்ணும்தான்.

பணம் பேசினதைச் சொல்ல வேண்டும், அதில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். பதினைந்தாயிரம், மூன்று தவணை: எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுத்ததும் ஒன்று, மாற்றங்கள் முடிந்ததும் ஒன்று, மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்ததும் ஒன்று. எதை வெற்றி என்று எண்ணுவது என்று முன்பே எழுதிக்கொண்டோம். பொத்தானை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்பது கணக்கில்லை. திரும்பி வராத ஆர்டர்தான் கணக்கு. விற்பனையில் பங்கு கொடுக்கலாமா என்று நான்தான் கேட்டேன். “வேண்டாம்க்கா, தீபாவளி வந்தா தானா ஏறும், அதுக்கு நான் எதுக்குக் காசு வாங்கணும்?” என்றாள். வெப்சைட் பெயர், கணக்குகள் எல்லாம் என் பெயரில்தான் இருக்க வேண்டும், பணம் வருகிற கணக்கின் பாஸ்வேர்டை யாருக்கும், தனக்கும்கூட, கொடுக்கக் கூடாது என்று அவளே சொன்னாள். பார்ப்பதற்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டாள். முன்பு செய்த வேலையில் தோற்றது ஏதாவது உண்டா என்று கேட்டபோது இரண்டைச் சொன்னாள். முதல் ஆளிடம் அதைக் கேட்டிருந்தால் என் இருபதாயிரம் மிஞ்சியிருக்கும்!

வந்தவர் எந்த இடத்தில் நின்றார், எங்கே திரும்பினார் என்று காட்டுகிற மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற சாதனத்தையும் போட்டுக் கொடுத்தாள். காசில்லாமல் கிடைக்கிறது. ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு பத்து நிமிஷம் பார்ப்பேன். மனுஷாள் தயங்குவது அப்படியே தெரியும்.

2024 ஐப்பசியில் 23 ஆர்டர். தீபாவளி மாதம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதே என்று அவளே சொல்லிவிட்டாள். பண்டிகையெல்லாம் முடிந்த மாசியில் பார்த்தோம்: வந்தவர்கள் 1,150, வாங்கினவர்கள் 15. நூற்றுக்கு ஒன்றேகால். இத்தனை சின்ன எண்ணிக்கையில் இதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது, மேலும் ஒரு ஆறு மாதம் பாருங்கள் என்றுதான் அவள் சொன்னாள். பார்த்தோம். ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை. விளம்பரச் செலவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

திருச்சிப் பெரியம்மாவுக்கு நானே போன் செய்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடு” என்றார். இரண்டு மாதம் ஆர்டர் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தது, ஐந்து லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டர்.

வெப்சைட்டில் இருக்கிற போன் எண்ணுக்கு வருகிற அழைப்புகளை இப்போது எடுப்பது என் மாமியார்தான். மண்டியைப் பற்றி யாராவது கேட்டால் போதும், கடலை காயவைப்பதிலிருந்து ஆரம்பித்துவிடுவார். நாலு வளையலில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. மீதி இரண்டு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. தைக்குள் மீட்டுவிடலாம் என்று என்னவர் சொல்கிறார், பார்க்கலாம்.